தங்கும் அறையில் ரகசியக் கேமராவா? முதலில் கட்டிலில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: வேலை காரணமாக மாதம் ஒருமுறையாவது வெளியூர் போகிறேன். சில சமயம் பதினோரு வயது மகளும் உடன் வருவாள். வாடகைக்கு எடுக்கும் அறையில் ரகசியக் கேமரா இருக்குமோ என்ற பயத்தில் சரியாகத் தூங்குவதில்லை. கண்டுபிடிக்கும் கருவி என்று விற்கிறார்களே, வாங்கலாமா? போன பயணத்தில், தெரியாத டிராக்கர் (இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி) ஒன்று என்னுடன் நகர்வதாகப் போனில் எச்சரிக்கை வந்தது. புரியாமல் விட்டுவிட்டேன். வீட்டில் சொன்னால் வீண் சந்தேகம் என்கிறார்கள்.

பதில்: வீண் சந்தேகம் இல்லை. 2019 மார்ச்சில் தென் கொரியப் போலீசார் ஒரு வழக்கை வெளியிட்டார்கள். 10 நகரங்களில் 30 விடுதிகள், 42 அறைகள். டிவி பெட்டி, பிளக் பாயின்ட், ஹேர் டிரையர் மாட்டும் தாங்கி ஆகியவற்றுக்குள் கேமரா வைத்து, சுமார் 1,600 பேரை அவர்களுக்கே தெரியாமல் படம்பிடித்து இணையத்தில் காட்டியிருந்தார்கள். பெரும்பாலான அறைகளில் இப்படி எதுவும் இருக்காது என்பதும் உண்மை. ஆனால் பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிட்டால், நிம்மதியாகத் தூங்கலாம்.

அறைக்குள் போனதும் கட்டிலில் படுங்கள். உங்களைப் பார்க்கக்கூடிய எந்தக் கேமராவும் உங்கள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தாக வேண்டும். சுவருக்குப் பின்னாலிருந்து அதனால் பார்க்க முடியாது. படுத்த இடத்திலிருந்து என்னென்ன தெரிகிறது என்று மெதுவாக ஒரு சுற்றுப் பாருங்கள். குளியலறையில் ஷவருக்குக் கீழே நின்று அதையே செய்யுங்கள். அப்புறம் மின்சாரம். சின்ன பேட்டரியில் ஓடும் கேமரா தொடர்ந்து பதிவு செய்தால் சில மணி நேரத்தில் அணைந்துவிடும். அதனால் நாள்கணக்கில் ஓட வேண்டிய கேமராவை மின் இணைப்பு உள்ள பொருளில்தான் பெரும்பாலும் வைப்பார்கள்: யாரோ விட்டுப்போனது போலச் செருகியிருக்கும் சார்ஜர், கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருக்கும் கடிகாரம், விளக்கு, புகை எச்சரிக்கைக் கருவி. சின்ன அறையில் இந்தக் கருவி இரண்டு இருந்தால் ஏன் என்று யோசியுங்கள். குளியலறைக்குள் இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். நீராவி பட்டாலே அலறும் என்பதால் அங்கே வழக்கமாக யாரும் மாட்டமாட்டார்கள்.

இப்போது டார்ச். போனில் இருப்பதே போதும். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கை அணையுங்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், புருவத்தை ஒட்டிப் பிடியுங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். லென்ஸ் மீது படும் ஒளி வந்த வழியே திரும்பும். டார்ச் இடுப்பருகே இருந்தால் அந்த மினுக்கம் உங்கள் கண்ணுக்கு வராது. சந்தேகப்படும் பொருளிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, அங்குலம் அங்குலமாக ஒளியை நகர்த்துங்கள். பயிற்சி வகுப்பில் நான் ஒரு மேசைக் கடிகாரத்தை வைத்துக் காட்டுவேன். அதன் கறுப்பு முகப்பில் '12' என்ற எண்ணுக்கு மேல் குண்டூசித் தலையளவுகூட இல்லாத ஓட்டை. வெளிச்சத்தில் பார்த்தால் தூசி என்றுதான் தோன்றும். இருட்டில் டார்ச் அடித்ததும் அந்தப் புள்ளியின் ஆழத்திலிருந்து நீலம் கலந்த ஒரு பொட்டு ஒளி எழும். திருகாணித் தலையும் பளபளக்கும்தான். ஆனால் தலையைக் கொஞ்சம் அசைத்தால் அந்தப் பளபளப்பு நழுவி மறைந்துவிடும். லென்ஸின் பொட்டு அதே இடத்தில் நிற்கும். வீட்டில் பழைய போன் ஒன்றின் கேமரா மீது அடித்து ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள், பிறகு கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இருட்டிலும் படம்பிடிக்கும் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை வீசும். நம் கண்ணுக்கு அது தெரியாது, பல போன்களின் செல்ஃபி கேமராவுக்குத் தெரியும். உங்கள் போனுக்குத் தெரிகிறதா என்று பார்க்க, டிவி ரிமோட்டை அதன் எதிரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெள்ளையோ ஊதாவோ மினுங்கினால் தெரிகிறது என்று பொருள். பிறகு இருட்டறையில் அதே கேமராவைத் திறந்து ஒரு சுற்று வாருங்கள்.

அடுத்தது முகம் பார்க்கும் கண்ணாடி. பின்னாலிருந்து பார்க்கக்கூடிய இருவழிக் கண்ணாடியா என்று அறிய விரலை வைத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். நல்ல கண்ணாடியைச் சந்தேகிக்கவும் வைக்கும், இருவழிக் கண்ணாடியை விட்டுவிடவும் செய்யும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டி அழுத்துங்கள். பின்னால் அறையோ இடைவெளியோ இருந்தால் தெரிந்துவிடும்.

கண்டுபிடிக்கும் கருவி வாங்க வேண்டாம் என்பேன். மலிவான கருவிகள் பெரும்பாலும் கேமராவை நேரடியாகத் தேடுவதில்லை; ரேடியோ அலையைத் தேடுகின்றன. ரவுட்டர், பக்கத்து அறைப் போன் எல்லாவற்றுக்கும் கத்தும். மெமரி கார்டில் மட்டும் பதிவு செய்யும் கேமரா எந்த அலையையும் அனுப்பாது, அதற்குக் கத்தவே கத்தாது. கத்தாத கருவியை நம்பி நீங்கள் நிம்மதியாகிவிடுவதுதான் பெரிய ஆபத்து. வைஃபையில் என்னென்ன இணைந்திருக்கின்றன என்று காட்டும் இலவச ஆப் அதைவிட உதவும். 2019இல் அயர்லாந்தில் ஒரு வாடகை வீட்டில் தங்கிய குடும்பம், இப்படி நெட்வொர்க்கைச் சோதித்துத்தான் புகை எச்சரிக்கைக் கருவிக்குள் இருந்த கேமராவைக் கண்டுபிடித்தது. ஆனால் வேறு நெட்வொர்க்கில் இருக்கும் கேமரா அந்த ஆப்பில் தெரியாது.

கேமரா கிடைத்துவிட்டால்? கழற்றாதீர்கள், உடைக்காதீர்கள், உள்ளிருக்கும் மெமரி கார்டுதான் சாட்சி. ஒரு துண்டால் மூடுங்கள். இருக்கும் இடத்தோடு சேர்த்துப் படமும் வீடியோவும் எடுங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து முதலில் போலீசை அழையுங்கள், அடுத்ததாக முன்பதிவு செய்த தளத்தை. வீட்டு உரிமையாளரிடம் முதலில் சொல்லிவிட்டால், போலீஸ் வருவதற்குள் பொருள் காணாமல் போகலாம். "பாதுகாப்புக்காக வைத்தது" என்ற பேச்சுக்கும் மசிய வேண்டாம். வாடகைத் தங்குமிடங்களை முன்பதிவு செய்யும் தளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உலகம் முழுவதும் வீட்டுக்குள் கேமரா வைப்பதையே தடை செய்திருக்கிறது, வரவேற்பறையும் இதில் அடக்கம்.

சரி, அந்த எச்சரிக்கைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். 2024 மே மாதம் முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும், அந்நிய புளூடூத் டிராக்கர் கூடவே வந்தால் போனே சொல்லிவிடும். உடன் பயணித்த யாரோ ஒருவரின் பையில் இருந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் செய்தியைத் தட்டியிருந்தால், அது எங்கெல்லாம் உங்களுடன் வந்தது என்று வரைபடத்தில் காட்டியிருக்கும். டிராக்கரை ஒலிக்கவும் வைத்திருக்கலாம். இனி வந்தால் தட்டுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் பாதுகாப்பு, அவசரநிலைப் பகுதிக்குப் போய் நீங்களாகவே தேடவும் முடியும். சிம் போட்டு இயங்கும் ஜிபிஎஸ் கருவிகள் இதில் அகப்படாது, அதற்குக் கையால்தான் துழாவ வேண்டும்.

கிடைத்தால் தூக்கி எறிய வேண்டாம். ஆப்பிள் நிறுவனத்தின் டிராக்கரான ஏர்டேக் என்றால் அதன் வெள்ளைப் பக்கத்தைப் போனின் மேல் முனையில் ஒட்டிப் பிடியுங்கள். வரிசை எண்ணும், உரிமையாளரின் தொலைபேசி எண்ணில் கடைசி நான்கு இலக்கமும் வரும். அதைப் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கோ அறைக்கோ திரும்பாமல் நேரே காவல் நிலையம் போங்கள். வரிசை எண் இருந்தால், முறைப்படி கேட்கும் போலீசுக்கு ஆப்பிள் உரிமையாளர் விவரத்தைத் தர முடியும். வைத்தவர் தெரிந்தவராக இருக்கலாம் என்று தோன்றினால், பேட்டரியைக் கழற்றும் முன் போலீசிடம் பேசுங்கள். இருப்பிடத் தகவல் நின்றதுமே அவருக்குச் சந்தேகம் வரும்.

போன பயணத்தில் கொண்டுபோன பை வீட்டில்தானே இருக்கிறது? ஏர்டேக்கின் பேட்டரி ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். இன்றே பையைக் காலி செய்து, உள்துணித் தையலையும், அடிப்பலகையையும், சக்கரங்களுக்கு மேலுள்ள மடிப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். மூன்று சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு பெரிய சட்டைப் பொத்தான் போல வட்டமாக ஏதாவது நெருடுகிறதா என்று தேடுங்கள். மகளின் பையையும் விட்டுவிடாதீர்கள்.