ஃபிளாக்ஸ்டாஃப் போறவங்களுக்கு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

மே மாசம் அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப்ல நடக்கிற ஓவர்லேண்ட் எக்ஸ்போ வெஸ்டுக்கு, அதாவது வண்டியிலேயே ஊர் சுத்தி முகாம் போடுறவங்களோட கண்காட்சிக்கு, நம்ம ஆட்கள் இப்போ நிறையவே கிளம்புறாங்க. வருஷா வருஷம் அதே கேள்விகள் போன்ல வருது, அதனால இந்தத் தடவை ஒரே இடத்தில் பதில். நான் இருப்பது ஃபீனிக்ஸ். வண்டி பழைய டொயோட்டா ஃபோர்ரன்னர், படுக்கை தரைக் கூடாரத்தில். விசா, இன்ஷூரன்ஸ் எல்லாம் என்கிட்ட கேட்காதீங்க.

சான் ஹோசே: அண்ணா, எங்ககிட்ட ராவ்4 தான் இருக்கு. உள்ளே விடுவாங்களா? ஃபோர் வீல் வண்டி வாங்கிட்டுத்தான் வரணுமா?

கேம்ரியில் வந்தாலும் விடுவாங்க தம்பி. பார்ஸ்டோ வந்து ஐ-40 பிடிச்சா ஃபிளாக்ஸ்டாஃப் வரைக்கும் ஹைவேதான். அங்கிருந்து ஐ-17ல் கொஞ்சம் தெற்கே இறங்கி 337வது எக்ஸிட் எடுத்தா ஃபோர்ட் டட்ஹில் பூங்கா. நடக்கிற இடமே அதுதான். ஊர்ல உள்ள அத்தனை வண்டியையும் ஒரே மைதானத்தில் பார்க்கத்தானே போறோம்? வாங்கிட்டு வராதீங்க. பார்த்துட்டு வாங்குங்க.

டாலஸ்: சார், ஹோண்டா பைலட் மேலே கூடாரம் போடலாம்னு இருக்கேன். நான், மனைவி, ரெண்டு பசங்க. அம்மா அப்பாவும் வர்றாங்க. எந்த பிராண்டு நல்லது?

பிராண்டை விடுங்க. டிரைவர் பக்கக் கதவைத் திறங்க. ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆள், சாமான் எல்லாம் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேலே போகக்கூடாதுன்னு. பேச்சுக்கு உங்களுது 1,100ன்னு வெச்சுக்குவோம்.

நீங்க ரெண்டு பேர் 320. பசங்க 130. கூடாரம் 150, அதைத் தாங்குற கம்பி 60. ஐஸோட கூலர் 80. தண்ணி பத்து கேலன்னா 83. அடுப்பு, பாத்திரம், நாற்காலி 100. துணி, போர்வை 80. கூட்டிப் பாருங்க, 1,003. இன்னும் அம்மா அப்பா வண்டியில் ஏறவே இல்லை. அவங்களையும் ஏத்தினா 1,300 தாண்டிடும். பின்பக்கம் அமுங்கி, பிரேக் பிடிக்கிற தூரம் கூடி, இறக்கத்தில் பிரேக் வாடை வர ஆரம்பிக்கும்.

கூரைக்குத் தனிக்கணக்கு. ஓடும்போது கூரை தாங்குற எடை வேற, நிக்கும்போது தாங்குறது வேற. நின்ன வண்டி மேலே நாலு பேர் படுக்கலாம், ஆனா வளைவில் திரும்பும்போது அதே கூரை அதில் சின்னப் பங்கைத்தான் தாங்கும். கையேட்டில் போட்டிருக்கிறது பெரும்பாலும் ஓட்டத்துக்கான எண். கூடாரமும் கம்பியும் சேர்ந்து அதுக்குள்ளே அடங்கணும். என் யோசனை: பெரியவங்களுக்கு ஊருக்குள்ளே ஓட்டல் ரூம் போடுங்க. ராத்திரி மூணு மணிக்கு மூட்டுவலியோட யாரையும் ஏணியில் இறங்க வைக்காதீங்க.

நியூ ஜெர்சி: அவ்வளவு தூரம் வரணுமா?

வேண்டாம். அக்டோபர்ல வர்ஜீனியாவில், ஆரிங்டன்ல, இதே ஆட்கள் நடத்துற ஓவர்லேண்ட் எக்ஸ்போ ஈஸ்ட் இருக்கு.

சியாட்டில்: அரிசோனான்னா வெயில்தானே? ஜாக்கெட் தேவையா?

ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி. ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. மே மாசத்து ராத்திரி உறைநிலைக்குப் பக்கத்தில் வந்து நிக்கும். ஒரு காலையில் என் தண்ணி பாட்டில் மூடிக்குக் கீழே விரல்கடை பனிக்கட்டி இருந்தது. பக்கத்து மார்மன் லேக்கில் நடந்த காலத்தில், 2015ல், மழையும் பனியும் சேர்ந்து மைதானமே சேறாகி, சேத்துக்குன்னே கட்டின வண்டிகள் வரிசையா மாட்டி நின்னது. கம்பளித் தொப்பி, ரெண்டு சாக்ஸ். பகல்ல வெயில் எரிக்கும், அதுக்குத் தொப்பி தனி. குளிருதுன்னு கூடாரத்துக்குள்ளே மட்டும் அடுப்பு பத்த வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சேக்ரமெண்டோ: சுபாரு அவுட்பேக் போதுமா?

முதல் பதில்.

ஆஸ்டின்: கொரியன் கடையில் விக்கிற பியூட்டேன் டப்பா அடுப்பு போதுமா அண்ணா? சாம்பார் வைக்கணும்.

போதாது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனா ஆவியாகாது. காலையில் டப்பா நிறைய கேஸ் இருக்கும், அடுப்பில் தீ இருக்காது. புரொப்பேன் வாங்குங்க, அது மைனஸ் 42 வரைக்கும் வேலை செய்யும்.

ஹூஸ்டன்: மன்னிக்கணும், நான் கெமிக்கல் இன்ஜினியர். அந்தப் பூஜ்யம் கடல்மட்டக் கணக்கு. 7,000 அடியில் காற்றழுத்தம் 14.7லிருந்து 11.3 பிஎஸ்ஐக்கு இறங்குது. பியூட்டேன் கொதிநிலையும் ஏழு டிகிரி போல இறங்கும். உங்க பதில் தப்பு.

கணக்கு சரி, ஒத்துக்கிறேன். ஆனா நீங்க சொல்றது சும்மா நிக்கிற டப்பாவுக்கு. கேஸ் ஆவியாகி வெளியே போகப் போக டப்பா தன்னைத்தானே குளிர வைக்கும். பத்து நிமிஷம் எரிய விட்டுத் தொட்டுப் பாருங்க, மேலே வெள்ளையாப் பனி பூத்திருக்கும். அப்புறம் தீ மெழுகுவத்தி மாதிரிதான். டீ போடலாம். துவரம்பருப்பு வேகாது.

ஹூஸ்டன்: பருப்பு வேகாததுக்குக் காரணம் அடுப்பே இல்லையே. அங்கே தண்ணி கொதிக்கிறதே 93 டிகிரியில்.

இப்போ ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்துட்டோம்! திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டேன், பருப்பு கல்லு மாதிரியே கிடந்தது. அதனாலதான் நான் குக்கர் கொண்டு போறவன்.

ஃப்ரீமாண்ட்: குக்கருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லைன்னு என் மாமனார் சொல்றாரே?

மாமனார் முக்கால்வாசி சரி. வெயிட் சேர்க்கிற அழுத்தம் சுமார் 15 பிஎஸ்ஐ, ஆனா அதை வெளிக்காற்றுக்கு மேலேதான் சேர்க்குது. வெளிக்காற்றே குறைவுன்னா உள்ளேயும் குறைவு. 121 டிகிரிக்குப் பதில் 117 கிடைக்கும். ரெண்டு விசில் கூட விடுங்க, அவ்வளவுதான்.

சான் டியகோ: விசிலா? காட்டுக்குள்ளேயா? புளியோதரை கட்டிட்டுப் போனா தீர்ந்தது.

முதல் நாளுக்குப் புளியோதரை, மறுப்பே இல்லை. மூணாவது நாளும் அதையே நீட்டினா பசங்க பர்கர் வண்டிப் பக்கம் போயிடுவாங்க. விசில் விஷயத்தில் நீங்க சொல்றது நியாயம். ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு முதல் விசில் அடிச்சதும் பக்கத்து டிரக்குக்காரர் யார் வண்டியிலோ ரேடியேட்டர் போச்சுன்னு டார்ச்சோட ஓடி வந்தார். சாம்பார் சாப்பிட்டுட்டுத்தான் திரும்பினார். இப்போ ஆறு மணிக்குள்ளே சமையல் முடிச்சிடறேன்.

பிளேனோ: கொரோலா மேலே கூடாரம் போடலாமா?

கதவு. ஸ்டிக்கர். கையேடு.

சேண்ட்லர்: வண்டி மண்ணில் மாட்டினா டோ பாலில், அதான் பின்னாடி டிரெய்லர் மாட்டுற இரும்புக் குண்டில், கயிறு கட்டி இழுக்கலாமா?

கூடாது. இன்னொரு தடவை சொல்றேன், கூடாது. அந்தக் குண்டு டிரெய்லரை நிதானமா இழுக்கச் செஞ்சது, மாட்டின வண்டியை வெடுக்குன்னு இழுக்கிறதுக்கு இல்லை. கழுத்தில் முறிஞ்சா பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும், கண்ணாடியைத் துளைச்சு ஆள் மேலே பாயும். இதில் உயிர்கள் போயிருக்கு. வண்டியோட அடிச்சட்டத்தில் பிடிச்ச ரெக்கவரி கொக்கி இல்லைன்னா இழுக்க விடாதீங்க. சுத்தி நிக்கிறவங்க கயிறு நீளத்துக்கு மேலேயே தள்ளி நிக்கணும். பாதி நேரம் இழுக்கவே வேண்டியதில்லை: டயர் காத்தை 35 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னாடி மண்ணைத் தோண்டிட்டு மெதுவா நகர்த்திப் பாருங்க. திரும்பக் காத்தடிக்க கம்ப்ரஸர் இல்லாம இறக்காதீங்க.

லாஸ் ஏஞ்சலஸ்: உள்ளே முகாம் டிக்கெட் தீர்ந்துபோச்சு. வெளியே தங்க முடியுமா?

முடியும். சுத்திலும் கோகோனினோ தேசியக் காடு. அனுமதிச்ச பாதை ஓரங்களில் காசில்லாம 14 நாள் வரை தங்கலாம். எந்தப் பாதை அனுமதிச்சதுன்னு காட்டிலாகாவோட வண்டிப் பாதை வரைபடத்தில் பாருங்க. கழிப்பறை, தண்ணி எதுவும் கிடையாது. மே, ஜூன்ல காத்தும் வறட்சியும் சேர்ந்து நெருப்புத் தடை அடிக்கடி வரும். அப்போ விறகு, கரி ரெண்டும் கூடாது. திருகி அணைக்கிற கேஸ் அடுப்புக்கு வழக்கமா அனுமதி உண்டு. கிளம்புற அன்னைக்குக் காட்டிலாகா அறிவிப்பைப் பாருங்க.

டென்வர்: வாடகை எஸ்யூவி எடுத்து ஷ்னெப்லி ஹில் ரோட்டில் செடோனா இறங்கலாமா?

தார்ச்சாலையை விட்டு இறங்கக்கூடாதுன்னு அநேகமா எல்லா வாடகை ஒப்பந்தத்திலும் இருக்கும். அந்த ரோடு பெரும்பாலும் கரடுமுரடான பாறை. செடோனாவில் ஜீப் வாடகைக்குக் கிடைக்கும், அதில் போங்க.

சென்னை: என் மஹிந்திரா தார் வண்டியைக் கப்பலில் அனுப்பலாமா சார்?

ஆசை புரியுது தம்பி. சுங்கக்காரரைக் கேளுங்க.

ஃபீனிக்ஸ்: நிஸான் எக்ஸ்டெராவுக்கு எந்த மேல்கூடாரம் அண்ணா?

கதவைத் திறங்க.

ஹூஸ்டன்: குக்கர் எத்தனை லிட்டர்?

மூணு. மூடியோட ரெண்டு கிலோ. ஸ்டிக்கர் கணக்கில் அதையும் சேர்த்துக்குங்க.