பச்சை லைட் வந்து அணையுது, போர்ட் போயிட்டுதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தம்பி, என் மகனுக்கு அவனுடைய மாமா லண்டனில் இருந்து வந்தபோது தான் பாவித்த பிஎஸ்பி 3000 (கையில் பிடித்து விளையாடும் சோனி கேம் மெஷின்) ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நன்றாகத்தான் ஓடியது. இப்போது கொஞ்ச நாளாக ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் பச்சை லைட் மட்டும் வந்து சில விநாடியில் அணைந்துவிடுகிறது, ஸ்கிரீன் கறுப்புத்தான். காலையில்தான் இந்தக் கரைச்சல் கூட. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் சில நேரம் வரும். டவுனில் ஒரு கடையில் காட்டினோம், அங்கே போட்டால் ஒழுங்காக வருகிறது! ஆனாலும் கடைக்காரர் போர்ட் (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றுவதா, எறிவதா?
- ஓர் அம்மா, உப்புவெளி

பதில்: அக்கா, இரண்டும் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். போர்ட் முழுதாகச் செத்திருந்தால் ஒரு நேரமும் வராது. உள்ளே இருக்கும் மென்பொருள் கெட்டிருந்தாலும் அப்படித்தான், அது காலையில் கெட்டு மத்தியானம் தானாகச் சுகமாகாது. செட்டிங் மட்டும் குழம்பியிருந்தால் நீல ஸ்கிரீனில் பல மொழியில் எழுத்து வந்து வட்டப் பட்டனை அமத்தச் சொல்லும். வந்தும் வராமலும் இருக்கும் சாமானில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பற்றரியையும், மின்சாரம் போகிற வழியில் உள்ள தொடுகைகளையும்தான். தட்டினால் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. (தட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.)

லைட் எரியக் கொஞ்ச மின்சாரம் போதும். ஸ்கிரீன், பிராசசர் எல்லாம் ஒன்றாக எழும்பும் அந்த நேரத்தில்தான் பற்றரியில் இருந்து திடீரென்று நிறைய இழுக்கும், பற்றரி பழசாகித் தளர்ந்திருந்தால் அல்லது இடையில் எங்கேயாவது தொடுகை சரியில்லாவிட்டால் வோல்டேஜ் சட்டென்று விழும், உடனே மெஷின் தன்னை அணைத்துக்கொள்ளும். உங்கள் மகன் பார்ப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். கடையில் ஒழுங்காக வந்ததற்கும் காரணம் இருக்கலாம், அவர் சார்ஜரைச் செருகிக்கொண்டு பார்த்திருப்பார்.

அதையே நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள், ஆனால் ஒழுங்காக. பின் மூடியைத் திறந்து பற்றரியைக் கழற்றுங்கள். மெமரி கார்டையும் உள்ளே இருக்கும் டிஸ்க்கையும் எடுத்துவிடுங்கள். இப்போது சார்ஜரை மட்டும் செருகிப் போடுங்கள். பிஎஸ்பியில் இது ஒரு வசதி, பற்றரி இல்லாமலே சார்ஜரில் ஓடும். ஒருமுறை வந்ததும் சந்தோசப்பட்டு விட்டுவிடக் கூடாது, அணைத்து அணைத்துப் பலமுறை போட வேண்டும், அடுத்த நாள் காலையிலும் போட வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் குழப்பம் காலையில்தான். ஒவ்வொரு முறையும் வந்தால் போர்ட்டுக்கு ஒன்றுமில்லை. திகதி, நேரம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், திருப்பி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பற்றரியை மட்டும் போட்டுப் பாருங்கள், அதுக்குப் பிறகு கார்டை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது கள்ளன் என்று கடைசிவரை தெரியாது.

சார்ஜர் மாமா தந்ததுதானா? அதன் முதுகில் 5 வோல்ட் என்று இருக்க வேண்டும். 6, 9, 12 என்று திருப்பித் திருப்பி வைக்கிற சார்ஜர்கள் விற்கிறார்களே, முனை பொருந்துகிறது என்பதற்காக அதைச் செருகினால் பிறகு கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

பற்றரியைக் கழற்றியிருக்கும்போதே அந்தக் குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் சின்ன உலோக முட்கள் தெரியும், பற்றரியிலும் அதற்கு எதிரே தகடுகள் இருக்கும். அவை மினுங்க வேண்டும். மங்கலாகவோ, வெள்ளையாகப் பொரிந்தோ, பச்சையாகக் களிம்பு பிடித்தோ இருந்தால் அது கடல் செய்த வேலை. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஜன்னல் கம்பிக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதே உப்பு இந்த முட்களிலும் படியும், படிந்த உப்பு ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். போன் திருத்துகிறவர்களிடம் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் அல்ககோல்) என்று கேட்டால் கொஞ்சம் ஊற்றித் தருவார்கள், காதுக்குப் பாவிக்கும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள், பஞ்சில் கறுப்பு ஏறும். பற்றரியின் தகட்டைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தாலே போதும். மண்தாள் வேண்டாம், மேல்பூச்சைச் சுரண்டிவிட்டால் அடுத்த வாடைக்குள் இன்னும் மோசமாகும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பற்றரியைப் போட வேண்டும்.

காலையில் ஏன் என்பதற்கு இன்னொரு காரணம் மகனிடம் இருக்கலாம். வலப்பக்கத்துச் சுவிட்சை ஒருக்கா மேலே தள்ளி விட்டால் பிஎஸ்பி அணைவதில்லை, தூங்குகிறது. மூன்று விநாடிக்கு மேல் தள்ளிப் பிடித்தால்தான் முழுதாக அணையும். இரவில் தூங்க விட்டால் விடியும்வரை பற்றரி கரைந்துகொண்டேயிருக்கும், புதுப் பற்றரி என்றால் தாங்கும், இவ்வளவு பழசு தாங்காது. அதே சுவிட்சைக் கீழே தள்ளினால் பூட்டு விழும் என்பதும் பலருக்குத் தெரியாது. படுக்கப் போகும்போது முழுதாக அணைக்கச் சொல்லி ஒரு வாரம் பாருங்கள்.

பற்றரியை மேசையில் வைத்து ஒருக்கா சுழற்றியும் பாருங்கள். பம்பரம் மாதிரிச் சுற்றினால் அது வீங்கிவிட்டது. மூடி இறுக்கமாகப் பூட்டினாலும் அதே சந்தேகம்தான். வீங்கியதைத் திரும்பப் போடக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையோடு எரிக்கவே கூடாது, பற்றரி வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

புதுசு வாங்குவதில்தான் ஏமாற்று கூட. பிஎஸ்பி தயாரிப்பையே 2014இல் நிறுத்திவிட்டார்கள், ஆகவே "ஒரிஜினல் புதுசு" என்று யாராவது நீட்டினால் அது பல வருசம் கிடந்ததாக இருக்கும், அல்லது ஒரிஜினலே இல்லை. 3000க்கு வருவது 1200 மில்லிஅம்பியர் மணி, மெல்லிய பற்றரி. முதல் மாடலின் 1800 பற்றரி தடிப்பு, போட்டால் உங்கள் மூடி பூட்டாது. அதே மெல்லிய அளவில் 3600 என்று அடித்திருந்தால் அந்த இலக்கத்தை நம்பாதீர்கள்.

பற்றரி இல்லாமல் சார்ஜரில் போட்டும் அதே குழப்பம் என்றால் மிச்சம் இருப்பது சார்ஜர், அது செருகும் ஓட்டை, சுவிட்ச், கடைசியாகத்தான் போர்ட். சார்ஜர் வயரை மெல்ல அசைக்கும்போது லைட் மினுக்கினால் ஓட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கும், போன் போர்ட்டில் வேலை செய்கிற எவரும் அதைத் திருப்பிப் பற்றவைப்பார், பெரிய வேலை இல்லை. அவரிடம் போகும்போது "கேம் ஓடுதில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த நேரம் வரவில்லை, சார்ஜரில் இருந்ததா, லைட் எவ்வளவு நேரம் நின்றது என்று மகனை ஒரு துண்டில் எழுதவைத்துக் கொண்டுபோங்கள். பழுது அவர் மேசையில் ஒளித்துக்கொண்டாலும் துண்டு காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அண்ணா, கட்டாரில் இருந்து வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், ஏ.எல். பரீட்சைக்காக உம்மா பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. இப்போது எடுத்தால் ஒன்றுமே வரவில்லை.
- கிண்ணியா வாசகர்

பதில்: தம்பி, பற்றரி அடியோடு இறங்கியிருக்கும். டொக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) வைக்காமல், அதோடு வந்த சார்ஜரை நேரே செருகி ஒரு பின்னேரம் முழுக்க விடுங்கள், முதல் அரை மணி நேரத்துக்கு ஸ்கிரீனில் ஒன்றும் காட்டாவிட்டால் குழம்ப வேண்டாம். அப்புறம் பவர் பட்டனை 12 விநாடிக்கு மேல் அமத்திப் பிடித்து, விட்டு, ஒருக்கா மட்டும் அமத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் பண்ண வேண்டும் என்று நிண்டெண்டோவே சொல்கிறது, இல்லாவிட்டால் பற்றரி திரும்ப ஏறாமலே போகலாம். இனிப் பூட்டினால் உம்மாவிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் கேம் மெஷின் அலையில் விழுந்துவிட்டது. அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், எத்தனை நாளில் எடுக்கலாம்?
- உவர்மலை வாசகர்

பதில்: இப்பவே எடுங்கள். அரிசி உப்பை எடுக்காது, தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருந்து அரித்துக்கொண்டிருக்கும். போட்டுப் பார்க்கவும் வேண்டாம், சார்ஜ் பண்ணவும் வேண்டாம். பற்றரி கழற்றக் கூடியது என்றால் கழற்றி, இல்லாவிட்டால் அப்படியே, இன்றைக்கே திருத்துகிறவரிடம் கொண்டுபோய்க் கடல்தண்ணி என்று சொல்லுங்கள், திறந்து ஐபிஏயால் கழுவுவார். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.