ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்களை வீட்டிலேயே கழற்ற முடியுமா?

தாராளமாக முடியும். கிளட்ச்சை முழுதாக மிதித்தும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று விழுகிறது, பிரேக்கை மிதித்தபடி சிக்னலில் நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே எங்கும் ஆயில் கசியவில்லை, இரண்டு சிலிண்டரையும் நானே கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கசிவே இல்லாமல் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள், அதாவது மிதிக்கும் மிதியை ஆயில் அழுத்தமாக்கி அனுப்பும் உருளைக்குள், ரப்பர் போய்விட்டது என்றுதான் அர்த்தம். இந்தக் காரில் பிரேக் ஒரே சர்க்யூட். அது போனால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் போகும். அதனால் கழற்றிச் சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய 1966 மாடல் ஹெரால்ட் இருக்கிறது. இந்த வேலையை அதில் மூன்று முறை செய்திருக்கிறேன்.

ஹெரால்ட் இதற்கு வசதியான வண்டி. இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ப் ஹெரால்டாக வந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். டிரைவருக்கு நேர் எதிரே, பானெட்டுக்குள் தடுப்புத் தகட்டின் மேல் இரண்டு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அதில் பிரேக் சிலிண்டர் டிரைவர் காலடியில் சேஸிக்குள் ஒளிந்திருக்கும். சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற கம்பியை நகர்த்தாமல் அதன் போல்ட்டை உருவ முடியாது.

முதலில் எது கிளட்ச், எது பிரேக் என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் உள் விட்டம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி மாற்றிப் பூட்டிவிடக் கூடாது. கியர்பாக்ஸ் பக்கம் டியூப் போவது கிளட்ச். அதில் ஒரு துண்டுத் துணியைக் கட்டி வையுங்கள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சால் சிலிண்டர்களின் மேலிருக்கும் இரண்டு ஆயில் டப்பாவிலிருந்தும் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். முதல் முறை நான் சும்மா ஒரு துணியை மட்டும் விரித்தேன். மறுநாள் காலை சிலிண்டருக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் சுருங்கி, நகத்தால் சுரண்டினாலே உரிந்து வந்தது. அப்பா தன் கையால் அடித்த பெயின்ட் அது. இன்று நினைத்தாலும் மனம் கஷ்டப்படுகிறது. ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். இந்த ஆயில் தண்ணீரில் கரையும். சிந்திய நொடியே கழுவிவிட்டால் ஒன்றும் ஆகாது.

அடுத்தது டியூபின் நட்டு. மொத்த வேலையிலும் நிதானம் தேவைப்படுவது இங்கேதான். இந்த வண்டியில் எல்லாம் இஞ்ச் அளவு. டியூப் நட்டுக்கு 7/16, சிலிண்டர் போல்ட்டுக்கு 1/2. கையில் இருக்கிறதே என்று 13 எம்எம் ஸ்பேனரைப் போட்டால் அரை இஞ்ச் தலையில் அது லூசாகத்தான் நிற்கும், மூலைகளை மழித்துவிடும். டியூப் நட்டுக்கு சாதாரண ஓப்பன் ஸ்பேனரும் வேண்டாம். ரிங் ஸ்பேனரில் ஓர் ஓரத்தை வெட்டிவிட்ட மாதிரி, டியூப் நுழைய வழியோடு வரும் ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். முதலில் ஒரு நூல் அளவு இறுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் லூஸ் பண்ணுங்கள். நட்டோடு டியூபும் சேர்ந்து திரும்புகிறதா என்று கண் அங்கேயே இருக்கட்டும். திரும்பினால் நிறுத்தி, டியூபை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். முறுக்கின டியூபை மறுபடி நேராக்கிப் போடவே கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். கழன்றதும் டியூப் வாயைச் சின்ன ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். அதன் பிறகு யாரும் பெடலை மிதிக்கக் கூடாது.

சிலிண்டரின் பின்பக்கம் ஒரு ரப்பர் உறை இருக்கும். அதைப் பின்னால் தள்ளினால் பெடலும் புஷ் ராடும் (சிலிண்டருக்குள் தள்ளும் கம்பி) சேரும் கவை தெரியும். அதில் ஒரு பின், வாஷர், ஸ்ப்ளிட் பின். கீழே ஒரு துணியைத் திணித்துவிட்டு எடுங்கள். விரல் நுழைய இடம் குறைவு, பின் நழுவினால் சேஸிக்குள் போய்விடும். பிறகு சிலிண்டருக்கு இரண்டிரண்டு போல்ட். கழற்றினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும்.

இப்போது அந்தப் பின்னைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். எங்கள் வண்டியின் கிளட்ச் சிலிண்டருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது கிட் (உள் ரப்பர்களின் செட்) போட்டுக் கொடுத்தார்கள். ரிவர்ஸ் சத்தம் போகவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி கிட். அப்போதும் அதே கரகர. மூன்றாவது முறை நானே கழற்றியபோது, பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, சிலிண்டரை விடு, அந்தப் பின்னை எடுத்துக் காட்டு" என்றார். பின்னின் நடுவில் இடுப்பு விழுந்திருந்தது, உடுக்கை மாதிரி. பெடலில் இருந்த ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. மிதிக்கும் மிதியில் ஒரு பங்கு அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகியிருக்கிறது. மிச்சம்தான் சிலிண்டருக்குப் போயிருக்கிறது. ஓட்டையை வெல்டிங்கில் அடைத்து மறுபடி துளை போட்டு, லேத்தில் புதுப் பின் கடைந்து போட்டேன். அன்றைக்கு விழுந்த ரிவர்ஸ் இன்றுவரை சத்தமில்லாமல் விழுகிறது. உங்கள் வண்டியிலும் கிளட்ச் தொல்லைக்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

சிலிண்டரைப் பிரித்ததும் உள்சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் கிட் மட்டும் போடுவது வீண். உள்ளே ஸ்லீவ் (புது உலோக உறை) போட வேண்டும், அல்லது புது சிலிண்டர்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதையும் உள்ளே காட்டாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலால் மட்டும் கழுவி, அதையே தடவிப் பூட்டுங்கள்.

பூட்டும்போது டியூப் நட்டைக் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர். மரை குறுக்கே ஏறினால் அலுமினிய உடம்பு தாங்காது. ஸ்ப்ளிட் பின் கண்டிப்பாகப் புதுசு. பெடலைத் தொட்டால் முதலில் ஒரு சின்ன சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாமல் புஷ் ராடு இறுகி நின்றால், ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லாமல் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஏர் எடுப்பதை, அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதை, சிலிண்டரிலிருந்து தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்குங்கள். முடிந்ததும் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் முழுதாகப் பிடித்திருங்கள். அசையாமல் நின்றால், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்தபடி வீட்டு வாசலிலேயே நாலு முறை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளில் இழுப்பது, ஆயிலோடு சம்பந்தம் இல்லாதது. மறுநாள் காலை ரப்பர் உறையை விலக்கி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுங்கள்.