பேஸ்பால் அம்பயர் பந்துக் கணக்கை எப்படி வைத்துக்கொள்கிறார்?

நினைவை மட்டும் நம்புவதில்லை. கையில் கருவி இருக்கிறது. பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயரின் இடது கையைக் கவனியுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் 'இண்டிகேட்டர்' ஒன்று இருக்கும். பால் (அடிக்கும் எல்லைக்கு வெளியே வந்து, பேட்டர் வீசாமல் விட்ட பந்து), ஸ்ட்ரைக் (எல்லைக்குள் வந்த, அல்லது பேட்டர் வீசியும் தவறவிட்ட பந்து), அவுட் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சக்கரம். சிலவற்றில் இன்னிங்ஸுக்கும் ஒன்று. பந்து முடிந்ததும் உரிய சக்கரத்தை விரலால் ஒரு பல் நகர்த்துவார். பழகியவர்களுக்குத் தொட்டாலே எண் தெரியும். ஸ்ட்ரைக், அவுட் சைகைகளுக்கு வலது கை தேவை என்பதால்தான் கருவி இடது கையில்.

நான்கு பால் ஆனால் பேட்டருக்கு முதல் பேஸ், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். குழப்பம் வருவது ஃபவுலில்தான், அதாவது பேட்டில் பட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் பந்தில். இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை ஃபவுலும் ஸ்ட்ரைக்காகச் சேரும். அதன்பிறகு பேட்டை வீசி அடிக்கும் ஃபவுல் கணக்கில் ஏறாது. பந்து மேல் பந்தாகப் போனாலும் 3-2 (மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்) அப்படியே நிற்கும். அதனால் அம்பயர் அவ்வப்போது விரல்களைத் தூக்கிக் காட்டிச் சத்தமாகவும் சொல்வார்: இடது கையில் பால், வலது கையில் ஸ்ட்ரைக்.

பிட்சர் (பந்து வீசுபவர்) மொத்தம் எத்தனை பந்து வீசினார் என்பது வேறு கணக்கு. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் அதற்கு விதிப்படி வரம்பே இல்லை, அணிகளே பார்த்துக்கொள்ளும். சிறுவர்களுக்கான லிட்டில் லீகிலோ 11-12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான். அதை எண்ணவே ஓர் ஆளை நியமிப்பார்கள். வளரும் தோளையும் முழங்கையையும் காக்கும் விதி இது, பயிற்சியாளர்கள் துளியும் வளைக்கக் கூடாது. பேட்டர் ஒருவருக்கு வீசிக்கொண்டிருக்கும்போது வரம்பு வந்துவிட்டால், அந்த பேட்டரின் முறை முடியும்வரை மட்டும் பிட்சர் தொடரலாம்.