பூனைக்கடியும் கல்ச்சர் ரிப்போர்ட்டும்

கேள்வி: எங்கள் பில்டிங் படிக்கட்டில் திரியும் பூனை, அம்மாவின் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. விடிவதற்குள் கை வீங்கிவிட்டது. சீழ் எடுத்து அனுப்பியதில் ‘பாஸ்டுரெல்லா மல்டோசிடா’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நாய் கடித்தாலும் இதே கிருமிதானா? – வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: விடிவதற்குள் வீங்கியது என்று படித்ததுமே அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மற்ற சீழ்க்கிருமிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். பாஸ்டுரெல்லாவுக்கு அரை நாள் போதும். பூனைப் பல் வேறு ஊசி மாதிரி. வெளியே பொட்டளவு துளைதான் தெரியும், கிருமி மூட்டு வரை போயிருக்கும்.

பரேலில் நான் லேபில் இருந்தபோது சீழைக் கிருமி வளர்க்கும் இரண்டு தட்டுகளில் இழுப்போம். ஒன்று ரத்தம் கலந்த பிளட் அகார், இன்னொன்று குடல் கிருமிகள் நன்றாக வளரும் மெக்கான்கி. மறுநாள் பிளட் அகாரில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், மெக்கான்கி வெறுமையாக இருக்கும். கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டையான இளஞ்சிவப்புக் கிருமிகள் (இளஞ்சிவப்பு என்றால் கிராம் நெகட்டிவ்). ஆக்சிடேஸ், இண்டோல் என்ற இரண்டு வேதிச் சோதனைகளும் பாசிட்டிவ். தட்டைத் திறந்தால் எலிப்பொந்து வாடை அடிக்கும். (முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி. நாங்கள் முகர்ந்தவர்கள்தான்!) அப்புறம் பென்சிலின் வில்லை வைத்தால் சுற்றிலும் அகலமாக வளர்ச்சி நின்றிருக்கும், கிராம் நெகட்டிவ் கிருமிகளில் இது அபூர்வம். இப்போது பெரிய லேப்களில் மால்டி-டாஃப் கருவி புரத எடைகளைப் பார்த்துச் சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடுகிறது. ஆனால் அதற்கும் பெரும்பாலும் தட்டில் வளர்ந்த கிருமி வேண்டும்.

நாய்க்கடியில் இதன் இன்னொரு வகையான பாஸ்டுரெல்லா கேனிஸ் அதிகம். 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சீழ் பிடித்த பூனைக்கடிகளில் முக்கால் பங்கிலும் நாய்க்கடிகளில் பாதியிலும் பாஸ்டுரெல்லா வகைகள் இருந்தன. கூடவே ஸ்டாஃபிலோகாக்கஸ், காற்றில்லாமல் வளரும் கிருமிகள் என்று ஒரு கூட்டமே இருக்கும். நாயிடமிருந்து வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ், பிளாஸ்மாவை உறையவைக்கிறதா என்று பார்க்கும் கோஆகுலேஸ் சோதனையில், மனிதர்களிடம் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போலவே நடித்து ஏமாற்றும்.

பயப்பட வேண்டியது நாய் வாயில் இருக்கும் கேப்னோசைட்டோஃபேகா கேனிமார்சஸ் என்ற கிருமி. மண்ணீரல் எடுத்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. கரியமில வாயு கூடுதலாக வேண்டும், வளர நாள் கணக்கில் ஆகும். லேபுக்கு வரும் ஸ்லிப்பில் ‘விரலில் சீழ்’ என்று மட்டும் இருந்தால், ரெண்டு நாளில் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ‘நாய்க்கடி’ என்று ஒரு வார்த்தை எழுத டாக்டருக்கு என்ன கஷ்டமோ, எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

சரி, அம்மா விஷயம். இந்த ரிப்போர்ட்டுக்கும் ரேபிஸுக்கும் சம்பந்தமில்லை. அது வைரஸ், இந்தத் தட்டுகளில் வளராது. தடுப்பூசி ஆரம்பித்தாயிற்றா? ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸை எதிர்க்கும் தயார்நிலைப் புரத ஊசி) வேண்டும். மருந்துச் சீட்டில் செஃபாலெக்சின் மட்டும் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், பாஸ்டுரெல்லாவுக்கு அது சரிவராது. வழக்கமாகக் கொடுப்பது அமாக்சிசிலின்-கிளாவுலனேட். கட்டைவிரலை மடக்க முடியவில்லை என்றால் இன்றைக்கே எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.