ஊட்டிக் குளிருக்கு எலக்ட்ரிக் பிளாங்கெட்: ஃபோம் டாப்பருக்கு மேலேயா, அடியிலா?

இரண்டு இன்ச் மெமரி ஃபோம் டாப்பர் (மெத்தைமேல் போடும் ஃபோம் விரிப்பு) வைத்திருக்கிறீர்கள், பிளாங்கெட்டை அதற்கு அடியில் விரித்தால் வயர் உறுத்தாதே என்று கேட்டிருக்கிறீர்கள். உறுத்தாதுதான். ஆனால் அடியில் கூடவே கூடாது. ஃபோம் முழுக்கக் காற்றறை. சூடு லேசில் மேலே வராது. முதுகுக்குத் தெரியவில்லையே என்று ‘ஹை’யில் வைப்பீர்கள். அடியில் சூடு தேங்கி வயரின் உறை இளகும், ஃபோம் பழுப்பேறும். பாலியூரிதேன் பற்றினால் மளமளவென்று எரியும், புகையும் விஷம்.

மேலே விரிப்பதற்கும் முதலில் இரண்டின் லேபிளையும் பாருங்கள். ஃபோமில் சூடு படக்கூடாது என்று போட்டிருந்தால் மேலேயும் விரிக்காதீர்கள். இல்லையென்றால் டாப்பர், அதன்மேல் பிளாங்கெட், அதன்மேல் காட்டன் பெட்ஷீட். நாலு மூலையையும் இழுத்துக் கட்டுங்கள், ஊக்கு குத்தாதீர்கள்.

மெமரி ஃபோம் சூடுபட்டால் இளகி, இடுப்புப் பக்கம் குழியும். பிளாங்கெட் அந்தக் குழிக்குள் சுருங்கி வயர்கள் நெருங்கிவிடும். முதலில் கருகுவது அந்த இடம்தான். அதனால் படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, ஏறிப் படுக்கும்போது அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஃபோம் சூட்டைப் பிடித்துவைக்கும். 100 வாட் என்றாலும் 0.05 யூனிட்தான் செலவு. கைக்குழந்தைக்கும், சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கும் இது வேண்டாம்.

‘பத்து வருஷமா ராத்திரி முழுக்க ஓடுது, ஒண்ணும் ஆகல’ என்று யாராவது கமெண்டில் வருவார்கள். பஞ்சு மெத்தைமேல் பழகியதை வைத்து ஃபோமுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஜூலை மழையில் டாப்பரின் அடிப்பக்கம் பூசணம் பூக்கும். வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்துங்கள். ஈரத்தைக் காயவைக்க பிளாங்கெட்டைப் போடாதீர்கள். சீசன் முடிந்தால் பிளாங்கெட்டை மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

பிளக் நேராகச் சுவர் சாக்கெட்டில், 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிற லைனில். இங்கே வீட்டுக்காரர்கள் சீசனுக்குச் சீசன் வாடகையை ஏற்றுவார்கள். ஆடுகிற சாக்கெட்டை மாற்றச் சொன்னால் மட்டும் காது கேட்காது. பிளக் சுட்டால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

கரண்ட் போன ராத்திரிக்கு, உறை போட்ட ரப்பர் வெந்நீர்ப் பை கால்மாட்டில் போதும். சில காட்டேஜ்களில் கரி கணப்பை ரூமுக்குள்ளேயே கொண்டுவந்து வைப்பார்கள். கதவடைத்த ரூமில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.