வரப்பில் விறகு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, தாராபுரம் பக்கம் ஒரே ஏக்கர், மானாவாரி. சிலிண்டர் இருக்கிறது, ஆனால் வெந்நீருக்கும் பெரிய சமையலுக்கும் விறகுதான். மரத்தை எங்கே வைப்பது?

பதில்: பயிர் நடுவே வேண்டாம் தம்பி, வரப்பில் வையுங்கள். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 250 மீட்டர் சொச்சம், மீட்டருக்கு ஒன்றாக 250 கிளைரிசிடியா போத்து பிடிக்கும். கிளைரிசிடியா வெட்ட வெட்டத் தழைகிற மரம், போத்து என்றால் நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு. பட்டை பழுப்பேறிய முற்றிய கிளையாகப் பார்த்து, கட்டைவிரலை விடத் தடிமனாக நாலடி நீளத்துக்கு வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, ஓரடி ஆழத்தில் நட்டு மண்ணைக் காலால் இறுக மிதித்துவிடுங்கள். பச்சைக் கிளை அழுகிவிடும், முதல் தடவை எனக்குப் பாதி அப்படித்தான் போனது. ஐப்பசி மழையை ஒட்டி நடுங்கள். ஒன்றரை வருஷம் பொறுத்து நெஞ்சு உயரத்தில் ஒரே வெட்டாக, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்டுங்கள், ஆட்டுக்கு எளிதில் எட்டாத உயரத்தில் துளிர்க்கும். அப்புறம் வருஷா வருஷம் வெட்டலாம். தழையைப் பயிருக்கே போடுங்கள், தழைச்சத்து நிறைந்தது.

கேள்வி: சவுக்கு வைத்தால் என்ன?

பதில்: விற்க என்றால் சரி, அருமையாக எரியும். ஆனால் அடியோடு வெட்டினால் சவுக்கு பெரும்பாலும் மறுபடி தழையாது, ஒவ்வொரு முறையும் புதுக் கன்று வைக்க வேண்டும். வீட்டு அடுப்புக்கு வெட்ட வெட்டத் தழைகிற மரம்தான் வேண்டும்.

கேள்வி: சவுண்டல் (சுபாபுல்) மரத்தின் தழையை ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: போடலாம், மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதில் மிமோசின் என்கிற நஞ்சு இருக்கிறது. காய் முற்றுவதற்குள் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காடெல்லாம் முளைக்கும்.

கேள்வி: சீமைக் கருவேலம்தான் சும்மாவே கிடைக்கிறதே?

பதில்: இருப்பதை வெட்டி எரியுங்கள், நின்று எரியும் நல்ல விறகு. தயவுசெய்து நடாதீர்கள். காயை ஆடு தின்று போகிற இடமெல்லாம் விதை விழுந்து முளைக்கும், தூரோடு தோண்டாமல் போகாது.

கேள்வி: எங்கள் அம்மாவுக்குப் புகையில் கண் எரிகிறது அக்கா.

பதில்: அது பெரும்பாலும் ஈர விறகு, பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வெட்டியதும் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்று போக விட்டு, கோடையில் இரண்டு மாதம் காய விடுங்கள். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும், வெட்டுமுனையில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் அம்மா அடுப்பில் வைக்க வேண்டாம், ஜன்னலையும் திறந்து வையுங்கள்.